ஒரு கிலோவுக்காக ஏழு மாதம்! - சத்துவாச்சாரி பளுதூக்கும் கூடத்தில் ஒரு சனிக்கிழமை

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். '30 நாள்களில் தொப்பையைக் குறைக்க 5 வழிகள்' என்ற கட்டுரையை நான் எழுதியிருக்கிறேன். ஒருமுறை மட்டுமல்ல, தலைப்பை மாற்றி மாற்றி நான்கு முறை. டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பவர்கள் எப்படியும் ஒருநாள் எழுதவேண்டி வரும் கட்டுரை அது. நன்றாகப் படிக்கவும் படுகிறது.

இன்னொரு உண்மை. போன ஜனவரியில் நானும் ஒரு ஜிம்மில் சேர்ந்தேன். ஏப்ரலில் நின்றுவிட்டேன். மூன்றாவது மாதம், தோழி மொபைலில் வீடியோ எடுத்துக்கொண்டிருக்க, அதுவரை தொட்டே பார்க்காத எடையைத் தூக்கப்போய் இடுப்பு பிடித்துக்கொண்டது. இரண்டு வாரம் குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை. 'இதெல்லாம் நமக்குச் சரிப்படாது' என்று முடிவு கட்டி, வாங்கிய ஷூவைத் தம்பிக்குக் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் எடிட்டர் கூப்பிட்டார். "வேலூர் சத்துவாச்சாரியில வெயிட்லிஃப்டிங் பண்ற பிள்ளைங்க நிறைய இருக்காங்க. போய் ஒரு ஸ்டோரி பண்ணும்மா. ரீல்ஸுக்கு ஒரு ரெக்கார்ட் லிஃப்ட் வீடியோ வேணும், மறந்துடாத."

ஸ்டோரி கிடைத்தது. வீடியோ கிடைக்கவில்லை. ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

கல்லும் வெயிலும்

சென்னை சென்ட்ரலில் ஏறினால் காட்பாடிக்கு இரண்டு மணி நேரம் சொச்சம். அங்கிருந்து பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் வேலூர். ஆற்றில் தண்ணீரைவிட மணலும் முள்செடியும்தான் கண்ணில் பட்டன. ஊரைச் சுற்றிப் பாறை மலைகள். பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, ராத்திரி அதை மெல்ல மெல்ல ஊருக்குள் விடுகின்றன.

வேலூர் என்றதும் நமக்கு அகழி சூழ்ந்த கோட்டை ஞாபகம் வரும். 1806 சிப்பாய்ப் புரட்சி ஞாபகம் வரும். யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போயிருந்தால் சி.எம்.சி மருத்துவமனை ஞாபகம் வரும். ஆனால், விளையாட்டுப் பக்கம் படிப்பவர்களுக்கு இந்த ஊர் என்றால் இரும்புதான்.

வெள்ளிக்கிழமை இரவே போய்த் தங்கிவிட்டு, சனிக்கிழமை காலை ஐந்தரைக்குப் புதிய பேருந்து நிலையத்தில் இருந்து ஷேர் ஆட்டோ பிடித்தேன். சென்னை போகும் நெடுஞ்சாலையிலேயே கலெக்டர் ஆபீஸ் பக்கம் வந்தால் சத்துவாச்சாரி. முன்பு தனி நகராட்சியாக இருந்து, இப்போது வேலூர் மாநகராட்சிக்குள் வந்துவிட்ட பகுதி. ஒரு பக்கம் லாரிகள் பறக்கும் ஹைவே, மறுபக்கம் வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகள். 'ஃபேஸ் ஒண்ணா, ரெண்டா, மூணா?' என்பதுதான் இங்கே முகவரியின் முதல் கேள்வி. பால் பாக்கெட் போடுபவர், வாசல் தெளிக்கும் அம்மா, டீக்கடை ரேடியோ. வழக்கமான விடியற்காலை.

வழக்கத்தில் இல்லாத ஒன்று, அந்தச் சத்தம். தெருமுனையில் நிற்கும்போதே கேட்டுவிட்டது. 'தொம்' என்று ஒரு அதிர்வு. சில விநாடி அமைதி. மறுபடியும் 'தொம்'.

"அதுவா? பிள்ளைங்க இரும்பு போடுற சத்தம்" என்றார் டீக்கடைக்காரர், திரும்பிக்கூடப் பார்க்காமல். "அது நின்னாதான் எங்களுக்கு ஏதோ மாதிரி இருக்கும்."

கண்ணாடி இல்லாத ஜிம்

நான் பார்த்துப் பழகிய ஜிம்களில் நான்கு சுவரும் கண்ணாடியாக இருக்கும். இந்தக் கூடத்தில் ஒரு கண்ணாடிகூட இல்லை. தகரக் கூரை. தரையில் மரப்பலகையும் ரப்பரும் பதித்த நான்கு மேடைகள். ஓரத்தில் கலர் கலராகத் தட்டுகள். சிவப்பு 25 கிலோ, நீலம் 20, மஞ்சள் 15, பச்சை 10. ஒரு மர டப்பாவில் கையில் பூசிக்கொள்ளும் வெள்ளைப் பவுடர். சுவரில் பழைய போட்டிப் புகைப்படங்கள்.

பத்து வயதுப் பையனில் இருந்து கல்லூரி மாணவர்கள் வரை இருபது பேர் இருந்தார்கள். யாரும் யாரையும் வேடிக்கை பார்க்கவில்லை. அவரவர் முறை வந்தால் தூக்குகிறார்கள், போடுகிறார்கள், சுவரோரம் போய் உட்கார்ந்து ஒரு நோட்டில் எதையோ எழுதுகிறார்கள்.

பயிற்சியாளரை எல்லோரும் 'மாஸ்டர்' என்கிறார்கள். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இந்த மாவட்டத்தில் ராணுவத்துக்குப் போனவர்கள் அதிகம். ஓய்வுபெற்று ஊர் திரும்பும்போது சிலர் விளையாட்டையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். "என் பேரெல்லாம் போடாதம்மா, பசங்களைப் பத்தி எழுது" என்றார். பசங்களிடம் போனால், "பேர் வேணாம் அக்கா, ஸ்கூல்ல கிண்டல் பண்ணுவாங்க" என்றார்கள். எனவே, இந்தக் கட்டுரையில் பெயர்கள் கிடையாது, ஒன்றைத் தவிர.

328, 329, 317

அந்த ஒரு பெயர், சதீஷ் சிவலிங்கம். சத்துவாச்சாரிக்காரர். அப்பா சிவலிங்கம் முன்னாள் ராணுவ வீரர், தேசிய அளவில் பளுதூக்கியவர். மகனுக்கு முதல் பயிற்சி கொடுத்தவரும் அவரே.

2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் சதீஷ் தங்கம் வென்றார். ஸ்நாட்ச்சில் 149, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179, மொத்தம் 328 கிலோ. ஸ்நாட்ச் என்றால் தரையில் இருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது. கிளீன் அண்ட் ஜெர்க் என்றால் முதலில் தோளுக்குக் கொண்டுவந்து, பிறகு தலைக்கு மேல் ஏற்றுவது. ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்பு. இரண்டிலும் தூக்கிய அதிகபட்ச எடையைக் கூட்டினால் வருவதுதான் மொத்தம்.

மாஸ்டர் ஒரு சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் மூன்று எண்களை எழுதினார். 328, 329, 317.

"புதுசா வர்ற பசங்களுக்கு முதல் பாடம் இதான்மா. இதுல எது பெருசு?"

"329" என்றேன்.

"அது 2016 ரியோ ஒலிம்பிக். சதீஷுக்கு 11-வது இடம். 328, கிளாஸ்கோவுல தங்கம். இந்தக் கடைசி நம்பர் 317 இருக்கே, அது 2018 கோல்டு கோஸ்ட் காமன்வெல்த். அதுக்கு என்ன கிடைச்சுது சொல்லு?"

நினைவுபடுத்திப் பார்த்தேன். தங்கம்!

நான்கு வருடம் கழித்து, தன்னுடைய பழைய எடையைவிட 11 கிலோ குறைவாகத் தூக்கி, மறுபடியும் தங்கம் வாங்கியிருக்கிறார். அதற்குமுன் தேசியப் போட்டியில் 194 கிலோவை ஜெர்க் செய்ய முயன்றபோது தொடைத் தசையில் அடிபட்டிருந்தது. முழுமையாகக் குணமாகாத காலோடுதான் கோல்டு கோஸ்ட் மேடை ஏறினார். ஸ்நாட்ச்சில் 144, ஜெர்க்கில் 173. அவருக்குப் போட்டியாக இருந்த இங்கிலாந்து வீரர் ஜாக் ஆலிவர் கடைசி இரண்டு வாய்ப்புகளிலும் 171 கிலோவை முயன்று தவறவிட்டார். 312 கிலோவோடு அவருக்கு வெள்ளி.

"கிளாஸ்கோவுல இதே 317-ஐத் தூக்கின நம்ம ரவிக்குமாருக்கு வெள்ளிதான் கிடைச்சுது" என்று சிரித்தார் மாஸ்டர். "நம்பர் ஏறிக்கிட்டே போகும்னு நினைச்சுத்தான் எல்லாரும் வர்றாங்க. அது ஏறும், நிக்கும், இறங்கும், மறுபடி ஏறும். இறங்குற காலத்துல கூடத்தை விட்டுப் போகாம இருக்குறவன்தான் பளுதூக்குறவன்."

நான் ஜிம்மை விட்டுப் போனதைப் பற்றி இன்னும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

நோட்டில் வரிசையாகத் தப்புக் குறி

மூன்றாவது மேடையில் இருந்த பெண் பிளஸ் டூ படிக்கிறாள். இரட்டைச் சடையை மடித்துக் கட்டி, முழங்காலில் சுற்றுத்துணி. இரண்டு வருடமாகத் தூக்குகிறாள். ஏழு மாதமாக கிளீன் அண்ட் ஜெர்க்கில் 62 கிலோவிலேயே நிற்கிறாள்.

"63 போட்டாப் போதும் அக்கா, வராது" என்று தன் நோட்டைக் காட்டினாள். கோடு போட்ட 80 பக்க நோட்டு. தேதி, எடை, எத்தனை முறை, அன்றைக்கு எத்தனை மணிக்குத் தூங்கினாள், என்ன சாப்பிட்டாள் எல்லாம் இருக்கிறது. நடுவில் சில பக்கங்களில் 63 என்று எழுதிப் பக்கத்தில் தப்புக் குறி. அடுத்த வாரம் 63, தப்புக் குறி. அதற்கடுத்த வாரமும். நான்கு மாதம் இப்படியே.

"கம்பியைப் பிடிக்கிறதுக்கு முன்னாடியே கை சொல்லிடும் அக்கா, இது வராதுன்னு. தோளுக்கு வந்துடும். தலைக்கு மேல ஏத்தும்போது முழங்கை மடங்கிடும்."

முழங்கை மடங்கி, பிறகு தள்ளி நிமிர்த்தினால் போட்டியில் செல்லாது. மூன்று நடுவர்களில் இரண்டு பேர் சிவப்பு விளக்கு போட்டால் போதும், தூக்கியது கணக்கில் வராது.

மூன்று மாதத்துக்கு முன் மாஸ்டர் ஒரு முடிவு எடுத்தார். 63-ஐத் தொடவே கூடாது. எடையை 40 கிலோவுக்கு இறக்கினார். மேடையில் சாக்பீஸால் இரண்டு கோடு போட்டார். ஜெர்க் செய்யும்போது முன்கால் எங்கே விழவேண்டும், பின்கால் எங்கே விழவேண்டும் என்பதற்கான கோடுகள். பிரச்னை கையில் இல்லை, முன்கால் குட்டையாக விழுவதுதான் காரணம் என்பது அவர் கணிப்பு. கால் குட்டையாக விழுந்தால் உடம்பு கம்பிக்கு அடியில் சரியாகப் போகாது. பாரத்தைக் கை வாங்கும், கை மடங்கும்.

"40 கிலோன்னதும் அழுதுட்டேன் அக்கா. போன வருஷம் வந்த சின்னப் பசங்க தூக்குற வெயிட் அது. எல்லாரும் முன்னாடி போறாங்க, நான் மட்டும் பின்னாடி போறேன்னு தோணுச்சு."

வீட்டிலும் அதே கேள்வி வந்திருக்கிறது. அம்மா ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் வேலை செய்கிறார். அப்பா இல்லை. பப்ளிக் பரீட்சை வருகிறது. 'இதுல மெடல் வாங்கினா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல ரயில்வே, போலீஸ்னு வேலை கிடைக்கும்னு சொல்றாங்க, சரி. ஆனா, எடை ஏறவே இல்லையேடி. இந்த மாசத்தோட நிறுத்திக்கலாமா?' என்று கேட்டிருக்கிறார். அன்று சனிக்கிழமை. வாராந்திர சோதனை நாள். கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு அம்மாவே கூடத்துக்கு வந்து, வாசல் படியில் உட்கார்ந்திருந்தார்.

நான் மொபைலை எடுத்து ஸ்டாண்டில் பொருத்தினேன். 63 வந்தால் ரீல்ஸ் ரெடி.

உடம்பின் கணக்கு வேறு

சோதனை தொடங்க நேரம் இருந்தது. ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறீர்கள் என்று மாஸ்டரிடம் கேட்டேன். என் ஜிம் கதையையும் சொன்னேன்.

"எத்தனாவது மாசம் பிடிச்சுது?"

"மூணாவது மாசம் சார்."

"அதான்மா. மூணாவது மாசம்தான் எல்லாருக்கும் பிடிக்கும்" என்றவர் பொறுமையாக விளக்கினார்.

முதல் சில வாரங்களில் எடை மளமளவென்று ஏறும். தசை அவ்வளவு வேகமாக வளர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்வோம். உண்மையில் அப்போது பெரிதும் கற்றுக்கொள்வது நரம்பு மண்டலம். இருக்கிற தசையை எப்படிச் சேர்த்து வேலை வாங்குவது என்று மூளை பழகிக்கொள்கிறது. தசை வளர அதைவிட நேரம் ஆகும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள் உறுதிப்பட இன்னும் அதிக காலம் ஆகும். ஆக, 'என்னால் முடியும்' என்று தசை சொல்லும்போது, நாணும் மூட்டும் இன்னும் தயாராகியிருக்காது. அந்த இடைவெளியில்தான் பலருக்கு அடிபடுகிறது.

இங்கே சேரும் பிள்ளைகளுக்கு ஆரம்பத்தில் இரும்பே கிடையாது. வெறும் பிளாஸ்டிக் குழாய். குனிவது, இழுப்பது, உட்காருவது, எழுவது எல்லாம் அந்தக் குழாயோடுதான். பிறகு வெறும் கம்பி. பெண்களுக்கான கம்பி 15 கிலோ, ஆண்களுக்கு 20. அதன் பிறகுதான் தட்டுகள்.

"மாசம் ஒரு கிலோ ஏத்தினாப் போதும்மா. கேட்க கேவலமா இருக்கும். வருஷத்துக்கு 12, நாலு வருஷத்துக்கு 48. எத்தனை பேரு நாலு வருஷம் இருக்காங்க சொல்லு?"

ஒரு கிலோவுக்கு என்ன மதிப்பு என்பதற்கு அவரே ஓர் உதாரணம் சொன்னார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மணிப்பூரின் மீராபாய் சானு மொத்தம் 199 கிலோ தூக்கினார். வெண்கலம் வாங்கிய தாய்லாந்து வீராங்கனை தூக்கியது 200.

அதே மீராபாய் 2016 ரியோவில் கிளீன் அண்ட் ஜெர்க்கின் மூன்று வாய்ப்பையும் தவறவிட்டு, மொத்தக் கணக்கே இல்லாமல் வெளியேறியவர். அடுத்த வருடமே 194 கிலோ தூக்கி உலக சாம்பியன் ஆனார். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 202 கிலோவுடன் வெள்ளி.

"ரியோவுல அந்தப் பொண்ணு மேடையை விட்டு இறங்கினப்ப, அதுக்கு என்ன நம்பிக்கை இருந்திருக்கும்னு நினைக்கிற?" என்று கேட்டார்.

"தன்னம்பிக்கை இருந்ததால்தானே சார் திரும்பி வந்தாங்க?"

"நான் அப்படி நினைக்கல. திரும்பி வந்ததாலதான் நம்பிக்கை வந்திருக்கும். கண்ணாடி முன்னாடி நின்னு 'என்னால முடியும், என்னால முடியும்'னு நூறு தடவை சொல்லச் சொல்றாங்க இப்பல்லாம். கம்பிக்குக் காது கேக்காதும்மா."

பிறகு அந்தப் பெண்ணின் நோட்டை வாங்கி முதல் பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி. 20 கிலோ, ஐந்து முறை. பக்கத்தில் 'கை நடுக்கம்' என்று எழுதியிருந்தது.

"இன்னிக்கு அவ 50 கிலோவை வார்ம் அப்ல தூக்குறா. பயம் வர்றப்ப இந்தப் பக்கத்தைத்தான் பாக்கச் சொல்லுவேன். நான் தைரியம் சொன்னா அவ நம்ப மாட்டா. அவ கையெழுத்தை அவளே நம்பாம இருக்க முடியுமா?"

மூலையில் ஒரு பாட்டி

இதற்கிடையில் கூடத்தின் மூலையில் ஒரு காட்சி. அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, ஒரு மர நாற்காலியில் உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தார். பேரனைக் கூட்டிவர வந்தவர். தினமும் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்த மாஸ்டர், 'சும்மா இருக்கிறதுக்கு எழுந்து எழுந்து உக்காருங்கக்கா' என்றாராம். முதல் நாள் கையை ஊன்றி மூன்று முறை. ஒரு வருடம் ஆகிறது. இப்போது கையில் இரண்டு கிலோ எடையோடு பத்துப் பத்தாக மூன்று சுற்று.

"எனக்கு மெடலா வேணும்? பஸ் படி ஏறணும், கீழ உக்காந்து எழுந்துக்கணும், அவ்ளோதான்" என்றார்.

வயது ஏற ஏற தசை குறைவது இயல்பு. அதைத் தள்ளிப்போட நமக்கு இருக்கும் நல்ல வழி, தசைக்கு வேலை கொடுப்பது. பெரியவர்கள் வாரத்தில் குறைந்தது இரண்டு நாளாவது தசைகளை வலுவாக்கும் பயிற்சி செய்யவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கிறது. அதற்கு பளுதூக்கும் கூடம்தான் வேண்டும் என்றில்லை. வீட்டு நாற்காலி போதும். ரத்த அழுத்தம், இதயப் பிரச்னை, மூட்டுவலி உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்கவேண்டும்.

"அவசரப்பட்டா நாக்காலியும் தள்ளிவிட்டுடும்" என்று சிரித்துக்கொண்டே எட்டாவது முறை எழுந்தார் பாட்டி.

கிடைக்காத வீடியோ

ஏழே கால் மணி. மூன்றாவது மேடையைச் சுற்றி நான்கைந்து பேர் வந்து நின்றார்கள். வாசல்படியில் அம்மா எழுந்து நின்றுவிட்டார்.

கம்பியில் 60 கிலோ. கையில் வெள்ளைப் பவுடரைப் பூசிக்கொண்டு, கட்டைவிரலைக் கம்பியோடு வைத்து மற்ற விரல்களால் மூடிப் பிடித்தாள். ஒரு மூச்சு. கம்பி தோளுக்கு வந்தது. முழங்காலை லேசாக மடக்கி, ஒரே தள்ளு. முன்கால் சாக்பீஸ் கோட்டில் சரியாக விழுந்தது. முழங்கை மடங்கவில்லை. காலை ஒன்றுசேர்த்து நின்று, கீழே போட்டாள். தொம்!

மூன்று நிமிட ஓய்வு. மறுபடியும் 60. சுத்தமான தூக்கு. மீண்டும் ஓய்வு. மூன்றாவது முறையும் முழங்கை நேராக நின்றது. மூன்றுக்கு மூன்று.

60 கிலோவைத் தொடர்ந்து மூன்று முறை பிசகாமல் தூக்கியது இதுதான் முதல் தடவையாம். நண்பர்கள் கைதட்டினார்கள். அவள் முகம் சிவந்திருந்தது. "மாஸ்டர், 63 போடட்டுமா?"

நான் மொபைலைச் சரிசெய்தேன்.

"வேணாம். கழட்டு" என்றார் மாஸ்டர்.

"மாஸ்டர், இன்னிக்கு வரும். எனக்குத் தெரியுது. அம்மா வேற வந்திருக்காங்க."

"எனக்கும் தெரியுது, வந்தாலும் வரும். ஆனா, மூணாவது தூக்குல உன் முன்கால் எங்க விழுந்துச்சுன்னு பாரு."

எல்லோரும் குனிந்து பார்த்தோம். சாக்பீஸ் கோட்டுக்கு நான்கு விரல்கடை முன்னாலேயே ஷூ தடம் பதிந்திருந்தது.

"களைச்சுட்ட. களைப்புல புது எடையைத் தொட்டா உடம்பு பழைய தப்பைத்தான் தேடிப் போகும். மூணு மாசமா அழிச்ச தப்பை ஒரு தூக்குல திரும்ப எழுதணுமா? அடுத்த சனிக்கிழமை 61. அதுக்கப்புறம் பார்ப்போம்."

அவள் எதுவும் பேசவில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது தெரிந்தது. தட்டுகளைக் கழற்றி அதனதன் இடத்தில் வைத்தாள். சுவரோரம் போய் உட்கார்ந்து நோட்டைத் திறந்து எழுதினாள். நான் எட்டிப் பார்த்தேன். '60 - மூன்று முறை. மூன்றும் சரி. 3-வதில் கால் குட்டை.'

எனக்கே கோபமாகத்தான் வந்தது. அம்மா வந்திருக்கிறார், இந்த மாதத்தோடு நிறுத்திவிடலாம் என்று சொல்லியிருக்கிறார், ஒரே ஒரு முறை முயற்சி செய்ய விட்டால் என்ன? மாஸ்டருக்கு அந்த விஷயம் தெரியுமா என்றுகூட சந்தேகம் வந்தது.

"அப்ப அடுத்த வாரமா?"

அம்மா மெதுவாக உள்ளே வந்தார். மாஸ்டரைப் பார்த்து வணக்கம் வைத்தார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து அந்த நோட்டை வாங்கினார். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். இந்த நோட்டை அவர் இதற்குமுன் பார்த்ததே இல்லையாம்.

40, 42, 45, 48, 50... மூன்று மாதத்துப் பக்கங்கள். எல்லாவற்றிலும் சரி குறி. தப்புக் குறி இருக்கும் பழைய பக்கங்களையும் பார்த்தார்.

"இது என்ன பாப்பா, தூங்குன நேரம்கூட எழுதி வச்சிருக்க?"

"மாஸ்டர் எழுதச் சொன்னாரும்மா."

"அன்னிக்கு எனக்கு ஜுரம்னு நீ ராத்திரி முழிச்சிருந்தியே, அதையும் எழுதியிருக்க."

சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அம்மா என்னைப் பார்த்துச் சொன்னார். "நானும் கம்பெனியில சேர்ந்தப்ப, ஆறு மாசம் வெறும் நூல் வெட்டத்தான் விட்டாங்கம்மா. மெஷின்ல உக்கார வைக்கவே இல்ல. ஒரு தையல் கோணுனா மொத்த ஷூவும் வேஸ்ட்டுன்னு சொல்லுவாங்க. இது அது மாதிரிதான் போல."

எழுந்துகொண்டே மாஸ்டரிடம் கேட்டார். "அப்ப அடுத்த வாரமா சார், 61?"

"அடுத்த வாரம்தாங்க."

"சரி, அனுப்புறேன்."

அவ்வளவுதான். மாதக் கடைசியில் நிறுத்துவது பற்றி யாரும் பேசவில்லை. இருவரும் தெருவில் நடந்து போனார்கள். மகளின் பையை அம்மா தூக்கிக்கொண்டிருந்தார்.

எடிட்டருக்கு போன் செய்தேன். "சார், ரெக்கார்ட் லிஃப்ட் கிடைக்கல."

"அட, என்னம்மா. பரவால்ல, வேற என்ன கிடைச்சுது?"

"60 கிலோவை மூணு தடவை தூக்கின வீடியோ இருக்கு சார்."

"அதுல என்ன இருக்கு?"

போனில் அதைச் சொல்லத் தெரியவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

40 பக்க நோட்டு

மதியம் ரயிலுக்கு நேரம் இருந்தது. கோட்டைக்குப் போனேன். அகழித் தண்ணீரில் மதிலின் நிழல் விழுந்திருந்தது. உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபத் தூண்களை அரைமணி நேரம் பார்த்தேன். யாளியின் பல்லைக்கூட ஒவ்வொன்றாகச் செதுக்கியிருக்கிறார்கள். அதைச் செதுக்கியவர் அன்றைய தினம் வீட்டுக்குப் போய், 'இன்னிக்கு ஒரு பல்லு முடிஞ்சுது' என்று சொல்லியிருப்பாரோ என்று தோன்றியது.

கிளம்பும் முன் மாஸ்டரிடம் கேட்டிருந்தேன், நான் மறுபடி தொடங்கலாமா என்று. வலி முழுசாகப் போய்விட்டதா, டாக்டர் சரி என்றாரா என்று முதலில் விசாரித்தார். இரண்டுக்கும் ஆமாம் என்றதும், "வெறும் கம்பியில ஆரம்பி. ஒரு மாசம் தட்டு போடாத. வாரத்துக்கு மூணு நாள் போதும். நல்லாத் தூங்கு. எல்லாத்தையும் எழுதி வை. யாரும் வீடியோ எடுக்காத நேரமாப் பார்த்துப் போ" என்றார்.

காட்பாடி ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் ஒரு ஸ்டேஷனரி கடையில் நிறுத்தி, 40 பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். "ஸ்கூலுக்காம்மா?" என்றார் கடைக்காரர். "ஆமாங்க, ஒண்ணாங்கிளாஸ்" என்றேன்.

இதை எழுதி முடிக்கும்போது அந்த நோட்டில் நான்கு வரிகள் இருக்கின்றன. நான்கிலும் ஒரே எண்தான். 15 கிலோ. வெறும் கம்பி. தம்பிக்குக் கொடுப்பதாக இருந்த ஷூ என் காலில்தான் இருக்கிறது.

சத்துவாச்சாரியில் அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமையும் வந்து போய்விட்டது. அந்தப் பெண்ணிடம் இருந்து ஒரு வாட்ஸ்அப் வந்தது. நோட்டின் படம். '61 - மூன்று முறை. மூன்றும் சரி. கால் கோட்டில்.'

63-ஐப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.